அரைப்பேரும் முழுப்பேரும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு அப்புத்தளையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தங்கச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நூற்றாண்டு விழாவுக்கு நீங்கள் ஓர் உரை ஆற்ற வேண்டும். பெண் கல்வி, மலையகப் பெண்களின் முன்னேற்றம், இப்படி ஏதாவது தலைப்பில் பேசுங்கள்" என்றார். "நான் கொரிய நாடகங்களைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புத்தளையில் காற்று அடித்தால் சிக்னல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று காற்று இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மெல்லிய குரலில், "நானும் பார்க்கிறேன்தான் அக்கா. ஆனால் நூற்றாண்டு விழா மேடையில்..." என்று இழுத்தார்.

அந்த மெல்லிய குரலுக்காகவே இந்தத் தலைப்பைத் தெரிந்தெடுத்தேன். காலையில் தேநீர் மேசையைச் சுற்றி நின்றபோது கவனித்தேன். லண்டனில் இருந்து வந்தவர், டொரொன்டோவில் இருந்து வந்தவர், பண்டாரவளையில் ஆசிரியையாக இருப்பவர், தம்பத்தன்னையில் இன்றும் கொழுந்து பறிப்பவர், இந்த வருடம் சாதாரண தரம் எழுதும் பிள்ளை, எல்லோரும் நின்றார்கள். வயது, தொழில், நாடு எதிலும் ஒற்றுமை இல்லை. "செக்ரட்டரி கிம்" என்று ஒருவர் சொன்னதும் ஐந்து முகங்களும் ஒன்றாகச் சிரித்தன. ஐந்து பேரும் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தார்கள். இவ்வளவு பேர் ஒரே விடயத்தை விரும்பி, அதைச் சொல்லவும் கூச்சப்படுகிறோம் என்றால் அதைப் பற்றி ஒருமுறை வெளிப்படையாகப் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கொரிய நாடகம் எங்கள் வீடுகளுக்குள் எப்படி வந்தது? இலங்கையில் பலருக்கு முதலாவது கதவைத் திறந்தது ரூபவாஹினி. "தே ஜாங்கும்" என்ற கொரிய நாடகம் 2012ஆம் ஆண்டு "சுஜாத தியணி" என்ற பெயரில் சிங்களத்தில் ஒளிபரப்பானது. அரண்மனைச் சமையல்கட்டில் வேலைக்குச் சேரும் ஒரு பெண் பிள்ளை அரசரின் வைத்தியராக உயரும் கதை. தமிழ்நாட்டில் புதுயுகம் தொலைக்காட்சி "பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்" முதலிய நாடகங்களைத் தமிழில் பேச வைத்தது. பிறகு கைத்தொலைபேசியும் டேட்டாவும் வந்தன. இப்போது லயத்துப் பிள்ளைகள் படுக்கையில் போர்வைக்குள் இருந்தே சியோல் நகரத்துக்குப் போய் வருகிறார்கள். அண்ணன்மார் உண்மையாகவே கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்காக மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்; தங்கச்சிமார் நாடகம் பார்த்தே பாதி கொரிய மொழியைப் பிடித்துவிடுகிறார்கள்.

அரச கதை, பேய்க் கதை, வழக்கறிஞர் கதை என்று கொரிய நாடகங்களில் பல வகை உண்டு. நான் இன்று பேசப்போவது ஒரே ஒரு வகையைப் பற்றி. கந்தோருக்குள் நடக்கும் காதல் நகைச்சுவைக் கதைகள். ஒரு பெரிய கம்பனி. அதில் ஒரு சாதாரணப் பெண் ஊழியர். மேலே கண்ணாடி அறையில் யாரையும் மதிக்காத ஒரு முதலாளி, அல்லது முதலாளியின் மகன். முதலில் சண்டை, பிறகு குழப்பம், பிறகு காதல், நடுவில் ஒரு மழை, ஒரு குடை. முடிவு என்னவென்று முதல் நாளே எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறோம். ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் சரியானவைதான். இந்த நாடகங்கள் முடிகின்றன. பன்னிரண்டு அல்லது பதினாறு மணி நேரத்தில் கதை முடிந்து, கல்யாணமும் முடிந்து, நாங்களும் படுக்கப் போய்விடலாம். எங்கள் "கோலங்கள்" 2003இல் தொடங்கி 2009இல்தான் முடிந்தது. அதைப் பார்க்கத் தொடங்கியபோது பாலர் வகுப்பில் இருந்த பிள்ளை அது முடியும்போது புலமைப்பரிசில் பரீட்சையே எழுதிவிட்டது. பிறகு, குடும்பத்தோடு இருந்து பார்த்தாலும் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டிய காட்சிகள் குறைவு. சாப்பாடு நிறைய. குளிரில் சுடச்சுடச் சாப்பிடுவதைப் பார்க்கும் சுகம் அப்புத்தளைக்காரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணக்காரக் கதாநாயகன் மேல் உள்ள ஆசை என்றும் சொல்வார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பணக்கார மாப்பிள்ளை எங்கள் பழைய தமிழ்ப் படங்களிலும் வந்தார். அவருக்காக நாங்கள் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கவில்லை. எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. அதைச் சொல்ல நான் உங்களைக் கொஞ்ச நேரம் கொழுந்து மடுவத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, அம்மாவோடு இன்று வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு என்ன சொல்வோம்? "பேர்" என்று சொல்வோம். "இன்றைக்குப் பேர் போட்டாங்களா?" "இந்த மாதம் எத்தனை பேர்?" என்றுதான் கேட்போம். காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, நாள் முழுக்கப் பறித்து, தராசில் நிறை சரியாக இருந்தால் செக்ரோலில் ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் "அரைப்பேர்". காலை ஏழரை மணியில் இருந்து மாலை வரை மழையிலும் அட்டையிலும் நின்ற ஒரு முழு மனுஷி, தராசு முள் கொஞ்சம் இறங்கினால் அரைப்பேர். சின்ன வயதில் இந்தச் சொல்லில் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அரை இறாத்தல் பாண் என்பதுபோல அதுவும் ஓர் அளவு என்று நினைத்தேன்.

சம்பள நாளும் நினைவில் இருக்கிறது. தோட்டத்துக் கந்தோர் யன்னலில் கிளாக்கர் ஐயா அம்மாவின் பேரைக் கூப்பிடுவார். முன்னால் போவது அப்பா. அம்மாவின் பேருக்கு அப்பா கைநாட்டு வைத்து, அம்மாவின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் தோட்டங்களில் 1984இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பல காலம் அந்த யன்னலுக்கு முன்னால் நின்றது ஆண்கள்தான். மாதம் முழுவதும் பேர் வாங்கியது அம்மா. அந்தப் பேரைக் கூப்பிட்டபோது "இருக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு ஒரு நாளும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

"சுஜாத தியணி" போன காலத்தில் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் பார்ப்பார். அந்தக் கதையில் அரசர் அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் "தே" என்ற பட்டத்தைச் சூட்டுகிறார். "மகா" என்று எங்கள் மொழியில் சொல்லலாம். சமையல்கட்டுப் பிள்ளை ஜாங்கும், மகா ஜாங்கும் ஆகிறார். அதைப் பார்த்த அம்மா, "ராசாவே அந்தப் பிள்ளைக்குப் பேர் போட்டுட்டாரு" என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தன் வாழ்நாள் முழுவதும் தெரிந்த ஒரு கணக்கை அவர் அந்தத் திரையில் பார்த்திருக்கிறார். அது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

இப்போது கொரியக் கந்தோருக்குப் போவோம். அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. குடும்பப் பெயரோடு பதவியைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். "கிம் தேரி" என்றால் உதவி முகாமையாளர் கிம். "பார்க் புஜாங்" என்றால் பிரிவுத் தலைவர் பார்க். கிம், லீ, பார்க் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்குள்ளேயே பெருந்தொகையானவர்கள் அடங்கிவிடுவதால், ஒரு மாடியிலேயே நாலு கிம் இருப்பார்கள். சொந்தப் பெயரை வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும்தான் சொல்வார்கள். ஆகவே ஒரு கொரிய நாடகத்தில் முதலாளி அந்தப் பெண்ணைப் பதவி சேர்க்காமல் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம், எங்கள் படங்களில் தாலி கட்டும் காட்சிக்குச் சமம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் விரும்பிப் பார்த்த நாடகங்களைத் திரும்ப நினைத்துப் பாருங்கள்.

2005இல் வந்த "மை நேம் இஸ் கிம் சாம்சூன்". தலைப்பிலேயே பெயர் இருக்கிறது. கதாநாயகி ஓர் உணவகத்தில் கேக் செய்பவர். வயது முப்பது, உடம்பு கொஞ்சம் பருமன். தன் பெயர் பழைய நாட்டுப்புறப் பெயர் என்று கூச்சப்பட்டு, அதை "ஹீஜின்" என்று மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறார். எங்கள் தோட்டங்களில் பாட்டியின் பேரை வைத்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் அழுத பிள்ளைகள் எத்தனை பேர்! கொரியாவில் அந்த நாடகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தொலைக்காட்சி பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் பார்த்தன. சாம்சூன் கடைசியில் சாம்சூனாகவே இருக்கிறார்.

2015இல் "ஷீ வாஸ் ப்ரிட்டி". சின்ன வயதில் அழகாக இருந்த ஹியேஜின், வளர்ந்தபின் அழகு போய்விட்டது என்று நினைத்து, தன்னைத் தேடி வரும் பழைய நண்பனைப் பார்க்கத் தன் தோழியை அனுப்பி, "நீ என் பெயரைச் சொல்லிக்கொள்" என்கிறார். அந்த நண்பனே இவர் வேலை செய்யும் சஞ்சிகைக்குப் பொறுப்பாக வருகிறான். "இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இப்படி வேலை செய்கிறாளே" என்று எரிந்து விழுகிறான். தன் பெயரை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயருக்காகவே திட்டு வாங்கும் பெண்!

2022இல் "பிஸினஸ் ப்ரொபோசல்". மார்ச் மாதக் கடைசியில் எங்கள் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. கரண்ட் இருக்கும் நேரத்தில் தொலைபேசியைச் சார்ஜ் செய்து, இருட்டில் இருந்து பார்த்தோம், நினைவிருக்கிறதா? உணவுக் கம்பனியில் ஆய்வாளராக வேலை செய்யும் ஷின் ஹாரி, தோழிக்குப் பதிலாகப் பெண் பார்க்கும் சந்திப்புக்குப் போகிறார். எதிரே இருப்பது தன் கம்பனித் தலைவர். பொய்ப் பெயர் சொல்லித் தப்பிக்கிறார். பிறகு ஒரே மனிதரிடம், கந்தோரில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். எப்போது உண்மைப் பெயர் தெரியவரும் என்பதுதான் கதையின் பாதி.

இனி எல்லோருக்கும் பிடித்த "வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்", 2018. ஒன்பது வருடம் உப தலைவரின் செயலாளராக இருந்த கிம் மிசோ, முதல் அத்தியாயத்திலேயே வேலையை விடப்போவதாகச் சொல்கிறார். மூன்று சகோதரிகளில் கடைக்குட்டி அவர். தகப்பனின் கடனை அடைத்து, அக்காமார் இருவரை மருத்துவக் கல்லூரியில் படிக்க வைத்தது அவருடைய சம்பளம். இப்போது எல்லாம் முடிந்தது. இனி யாருடைய செயலாளராகவும் இல்லாமல், யாருடைய குடும்பத்தையும் சுமக்காமல், கிம் மிசோவாக வாழப்போகிறேன் என்கிறார். அந்த நாடகத்தின் கொரியத் தலைப்பு, "கிம் செயலாளர் ஏன் இப்படிச் செய்கிறார்?" என்பதுதான். ஒன்பது வருடம் பக்கத்திலேயே நின்ற பெண்ணைப் பற்றி முதலாளிக்கு வரும் முதல் கேள்வி அது.

இந்த மண்டபத்தில் எத்தனை கிம் மிசோக்கள் இருக்கிறீர்கள்? தம்பியைப் படிக்க வைப்பதற்காகக் கொழும்புக்குப் போன அக்கா. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் நின்று தங்கச்சிக்கு நகை செய்தவர். மத்திய கிழக்கில் இன்னொருவர் வீட்டுச் சமையல்கட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டுக்குச் சீற் மாற்றியவர். "அவள் ஒரு தொடர்கதை" படத்தில் 1974இலேயே பாலச்சந்தர் இந்தப் பெண்ணைக் காட்டினார். வேலைக்குப் போய்க் குடும்பத்தைச் சுமக்கும் அந்தக் கவிதாவுக்கு அவர் விடுதலை கொடுக்கவில்லை. கடைசியில் பழையபடி வேலைக்கே அனுப்பினார். அந்தப் படம் உண்மையைச் சொன்னது. கொரிய நாடகம் எங்களுக்கு ஆசையைச் சொல்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த நாடகங்களில் நாங்கள் ஆசைப்படுவது முதலாளியின் காரையோ மாளிகையையோ மட்டும் அல்ல. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் எங்களைக் கவனித்து, எங்கள் வேலையின் அருமை தெரிந்து, எங்கள் பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆசையைத்தான் இவை தொடுகின்றன. அரைப்பேரில் வளர்ந்தவர்களுக்கு முழுப்பேரின் மேல் உள்ள ஆசை.

இது எங்களுக்கு மட்டும் உரிய ஆசை அல்ல. கொரியாவுக்கும் இதே கதை உண்டு. இன்று நாங்கள் பார்க்கும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுவதற்கு முன்னால், சியோல் நகரின் பியோங்வா சந்தையில் சின்னச் சின்னத் தையற்கூடங்களில் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள் நாள் முழுக்க வேலை செய்தார்கள். அந்த உதவியாட்களை "ஏழாம் நம்பர்" என்று எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்றும், தொழிற்சங்கம் நடத்திய வகுப்புக்குப் போனபோதுதான் தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றும் அங்கே வேலை செய்த பெண்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்த சோன் தேயில் என்ற இளைஞர் 1970 நவம்பரில் தனக்குத் தானே தீ வைத்து இறந்தார். 1979 ஆகஸ்டில் வை.எச். என்ற பொய்முடிக் கம்பனியின் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் தஞ்சம் புகுந்து போராடினார்கள். பொலிஸார் உள்ளே புகுந்தபோது கிம் கியோங்சுக் என்ற இளம் பெண் உயிரிழந்தார். அந்தக் கொந்தளிப்பு அடங்கும் முன், ஒக்டோபரில், நாட்டின் சர்வாதிகாரி பார்க் சுங்ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே கொல்லப்பட்டார். தொழிற்சாலைப் பெண்களை இளக்காரமாக அழைக்க அங்கே ஒரு சொல் இருந்தது, "கோங்சுனி" என்று. அதில் உள்ள "சுன்"தான் சாம்சூனின் பெயரில் உள்ள "சூன்". நாட்டுப்புறப் பெண்களின் பெயர்களில் அடிக்கடி வரும் ஓசை அது. ஒரு காலத்தில் ஏளனமாக இருந்த அந்த ஓசையை 2005இல் ஒரு நாடு முழுவதும் பிரியமாகச் சொல்லியது. அந்த நாடகத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் எண்ணால் அழைக்கப்பட்ட அந்தப் பெண்களும் அவர்களின் மகள்மாரும் இருந்திருப்பார்கள்தானே?

தங்கைமாரே, இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. நாடகம் வேறு, நாளைக்கு நீங்கள் போகப்போகும் கந்தோர் வேறு. அதே கொரியாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான சம்பள இடைவெளி 2022இல் நூற்றுக்கு 31 அளவில் இருந்தது. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் நாடுகளில் அதுதான் மிக மோசமான நிலை. செக்ரட்டரி கிம் ஒளிபரப்பான அதே 2018ஆம் ஆண்டின் ஜனவரியில், சோ ஜிஹியோன் என்ற பெண் அரச வழக்குத்தொடுநர் தொலைக்காட்சிச் செய்தியில் நேரடியாக வந்து, தன்னை ஒரு மேலதிகாரி தகாத முறையில் தொட்டதைச் சொன்னார். சட்டம் தெரிந்த ஒரு பெண்ணே அதைச் சொல்ல எட்டு வருடம் எடுத்தது. மேலதிகாரிகளின் அட்டகாசத்துக்கு அங்கே "கப்ஜில்" என்று தனிச் சொல்லே உண்டு. வேலைத்தலத்தில் கீழுள்ளவர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2019 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது, வீட்டு வாசலில் வந்து நிற்பது, இரவு பதினொரு மணிக்கு வேலைக்குக் கூப்பிடுவது, இவையெல்லாம் பின்னணி இசையோடு வந்தால்தான் அழகாக இருக்கும். கந்தோரில் பின்னணி இசை கிடையாது. 1994இல் வந்த "மகளிர் மட்டும்" படத்தை முடிந்தால் பாருங்கள். கந்தோர் மேலாளரின் தொந்தரவுக்கு எதிராக மூன்று பெண்கள் சேருகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கந்தோரைக் கூட்டித் துடைப்பவர். சிரிக்கச் சிரிக்க எடுத்த படம், ஆனால் எங்கள் தலைமுறைக்குப் பெரிய துணிவைக் கொடுத்தது. எங்கள் நாட்டில் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவைக் குற்றம் என்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்பதைத் திகதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடமாவது உடனே சொல்லுங்கள். அந்த ஒருவர் எங்களில் ஒருவராக இருக்கட்டும். பழைய மாணவிகள் சங்கம் தேநீர் குடிக்க மட்டும் இருக்கும் சங்கம் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வகையில் நல்ல நாடகங்கள் எல்லாவற்றிலும் கதாநாயகிக்கு ஒரு பலம் இருக்கிறது. அவரால் "போகிறேன்" என்று சொல்ல முடியும். கையில் ஒரு தொழில் தெரியும். கிம் மிசோ இராஜினாமாக் கடிதத்தோடுதான் கதையைத் தொடங்குகிறார். காதலுக்கு முன்னால் வருவது அந்தக் கடிதம். அதை எழுதும் பலத்தை எங்களுக்குக் கொடுத்தது இந்தப் பாடசாலை.

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உயர்தரம் முடித்து, கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடங்கள் அங்கே என் பேர் "ஹட்டன் பிள்ளை". நான் அப்புத்தளை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அவர்களுக்கு மலையில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஹட்டன். "அந்த ஹட்டன் பிள்ளையிடம் கேளுங்கள்" என்பார்கள். மாதக் கடைசியில் கணக்கு ஒரு சதமும் பிசகாமல் வரும். அதைச் செய்தவளின் பேர் தெரியாது. இரவில் விடுதியில் படுத்திருந்து, அம்மாவுக்குப் போட்டது அரைப்பேர் என்றால், எனக்கு அந்த அரையும் இல்லையே என்று அழுதிருக்கிறேன்.

வருடங்கள் போயின. பதவி உயர்ந்தது. என் பேரை எல்லோரும் "மிஸ்" சேர்த்துச் சொல்லப் பழகினார்கள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது, மகளின் கணினியில் சாம்சூன் நாடகத்தைப் பார்த்தேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வழக்கம்போல என் மேசைக்குத் தேநீர் வந்தது. கொண்டுவந்து வைத்தவரைப் பார்த்தேன். பதினொரு வருடமாக எனக்குத் தேநீர் கொண்டுவந்தவர். "டீ அக்கா" என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய பேர் எனக்குத் தெரியாது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கேட்டேன். பேரைச் சொன்னார். ஊரைக் கேட்டேன். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம் என்றார். இங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம். "ஏன் அக்கா ஒரு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே மிஸ்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவருடைய பேரை நான் இங்கே சொல்லவில்லை; மேடையில் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டிருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். இப்போது மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்கிறோம். நான் "ஹட்டன் பிள்ளை"யாக இருந்து அழுத கதையை அவரிடம் சொன்னபோது, அவர் நன்றாகச் சிரித்தார்.

ஒரு கொரிய நாடகம் எனக்கு இதைச் செய்தது. அதனால்தான் அதைப் பார்ப்பதற்கு நான் இனி வெட்கப்படுவதில்லை.

முடிப்பதற்கு முன் ஒரு விண்ணப்பம். இந்தப் பாடசாலையில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் எது தெரியுமா? காலையில் வகுப்பாசிரியை இடாப்பைத் திறந்து பேர் கூப்பிடும் சத்தம். யன்னலுக்கு வெளியே மூடுபனி. பக்கத்து வகுப்பே தெரியாது. டீச்சர் தகப்பன் பேரோடு சேர்த்து முழுப் பேரையும் சொல்லுவார். நாங்கள் எழுந்து நின்று "பிரசன்ட் டீச்சர்" என்போம். தோட்டத்தில் என் தாய்க்குக் கிடைக்காதது எனக்கு ஆறு வயதில் கிடைத்தது. யாரும் என் சார்பில் எழுந்து நிற்கவில்லை. நானே நின்றேன்.

ஆனால் அந்த இடாப்பில் சிவப்பு மையால் கோடு போட்ட பேர்களும் இருந்தன. எட்டாம் வகுப்பில் நின்றவள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்தப்பட்டவள். கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவள். ஒவ்வொரு வருடத்து வகுப்பிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். எங்கள் சங்கத்தின் பட்டியலில் அவர்கள் இல்லை. ஏனென்றால் பரீட்சை எழுதி வெளியேறியவர்களைத்தான் நாங்கள் பழைய மாணவி என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆறு மாதம் இங்கே படித்தாலும் அவளும் பழைய மாணவிதான். இன்று வீட்டுக்குப் போய், உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருந்து பாதியில் நின்றுபோன பிள்ளையின் பேரை நினைவுபடுத்தி எழுதி அனுப்புங்கள். பட்டம், பதவி எதுவும் வேண்டாம். பேரும் வருடமும் போதும். சங்கத்தின் பட்டியலில் அவர்களையும் சேர்ப்போம். எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த ஒன்றுகூடலுக்கு அவர்களையும் கூப்பிடுவோம்.

நூறு வருடத்தில் யாருக்கும் அரைப்பேர் வேண்டாம்.

செயலாளர் தங்கச்சி மணியைப் பார்க்கிறார். அவர் எந்த நாடகத்தில் எத்தனையாவது அத்தியாயத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், முடிவைச் சொல்லமாட்டேன்.